கேரளா மலையில வேலை, தேனியில வீடு: ஓட்டு, ரேஷன், நிலம், சாதிச் சான்று... எல்லை தாண்டினா எந்த உரிமை கூட வரும், எது வராது?

கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்கே பார்த்தால் தெரிகிற மலைமுகடுதான் மாநில எல்லை. அந்தப் பக்கம் கேரளாவின் இடுக்கி மாவட்டம். போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என மூன்று பெரிய சாலைகள் மலை ஏறுகின்றன.

போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பகுதிகளில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடியற்காலை ஜீப்பில் ஏறி, சாயங்காலம் வீடு திரும்புகிறார்கள். இன்னும் பலர் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு என்று மேலேயே குடியேறிவிட்டார்கள். அவர்களுக்குத் தோட்டம் மேலே. சொந்தபந்தம், குலசாமி எல்லாம் கீழே.

இப்படி ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்று வாழ்கிறவர்களுக்கு எந்த மாநிலச் சட்டம் பொருந்தும்? மலை ஏற எந்த பாஸும் வேண்டாம். ஆனால் கீழே இருக்கிற எல்லா உரிமையும் கூடவே மலை ஏறி வராது. எது வரும், எது வராது என்று தெரியாமல் இருந்தால் ரேஷன் முதல் பிள்ளைகளின் கல்லூரி சீட் வரை இழப்பு வரலாம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த எல்லை எப்போது வந்தது?

இன்றைய இடுக்கி மலைப்பகுதி பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மொழிவாரி மாநிலப் பிரிவினையின்போது, தமிழர்கள் அதிகம் வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று மார்ஷல் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பர் 1-ம் தேதி எல்லை பிரிக்கப்பட்டபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் தமிழகத்துக்கு வந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவிலேயே நின்றுவிட்டன.

இடுக்கி தனி மாவட்டமானது 1972 ஜனவரி 26-ம் தேதி. மதுரையில் இருந்து தேனி பிரிந்தது 1990-களில். ஆனால் ஏலக்காய் வியாபாரம் மட்டும் இந்த எல்லையை இன்றுவரை பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின்னணு ஏலம் கேரளாவின் புற்றடியிலும் தமிழகத்தின் போடிநாயக்கனூரிலும் நடக்கிறது.

அங்கே போய் குடியிருக்க அனுமதி வேண்டுமா?

வேண்டாம். அரசியலமைப்பின் 19-வது பிரிவு, நாட்டின் எந்தப் பகுதிக்கும் போகவும், குடியிருக்கவும், தொழில் செய்யவும் உரிமை தருகிறது.

ஆனால் இந்தியா முழுக்க இதே நிலைமை இல்லை. வடகிழக்கில் அருணாச்சலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் மாநிலங்களுக்குள் போக வெளிமாநிலத்தவர் ‘இன்னர் லைன் பெர்மிட்’ வாங்க வேண்டும். வடக்கே இமாச்சலப் பிரதேசத்தில், அந்த மாநில விவசாயி அல்லாதவர் அரசு அனுமதி இல்லாமல் விவசாய நிலம் வாங்க முடியாது. 1972-ம் ஆண்டு நிலச் சட்டத்தின் 118-வது பிரிவு அதைத் தடுக்கிறது.

கேரளாவில் இப்படி ஒரு தடை இல்லை. தேனிக்காரர் இடுக்கியில் வீடு எடுக்கலாம், கடை போடலாம், நிலமும் வாங்கலாம். அந்த வகையில் இது திறந்த எல்லைதான்.

ஆனாலும் இந்தத் திறந்த எல்லை இரண்டு முறை அடைபட்டதை இந்தப் பகுதி மறக்காது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைப் பிரச்னை வெடித்தபோது போக்குவரத்து நின்றது. இடுக்கியில் இருந்த தமிழ்த் தொழிலாளர்கள் பயந்துபோய் காட்டுப்பாதை வழியாக நடந்தே தேனி பக்கம் இறங்கினார்கள். அடுத்தது 2020 கொரோனா ஊரடங்கு. வேலைக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் போக இ-பாஸ் கேட்கப்பட்டது.

அந்த மாதிரி நேரத்தில், ‘நான் இங்கேதான் வேலை பார்க்கிறேன், இங்கேதான் குடியிருக்கிறேன்’ என்று காட்ட ஒரு காகிதம் கையில் இல்லாதவர்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்.

ஓட்டு எங்கே போடணும்?

ஒரே ஒரு இடத்தில்தான். 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் பெயர் ஒரு தொகுதிக்கு மேல் இருக்கக் கூடாது.

எந்த ஊர் என்பதை எப்படி முடிவு செய்வது? ‘சாதாரணமாகக் குடியிருக்கும் இடம்’ என்பதுதான் அளவுகோல். ஒரு ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே ஓட்டு கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. அப்படியானால், தினமும் ஜீப்பில் போய் வருகிறவருக்கு ஓட்டு தேனியில். குடும்பத்தோடு நெடுங்கண்டத்தில் வாழ்ந்துகொண்டு, பொங்கலுக்கு மட்டும் கம்பத்து வீட்டைத் திறக்கிறவருக்கு ஓட்டு இடுக்கியில்.

‘ரெண்டு பக்கமும் பேர் இருந்துட்டுப் போகட்டுமே, என்ன ஆகப்போகுது’ என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டியலில் சேர பொய்யான உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எல்லையோரத் தொகுதிகளில் இரட்டை ஓட்டுப் புகார் தேர்தலுக்குத் தேர்தல் எழுகிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரு மாநிலங்களுக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6-ம் தேதி வாக்குப்பதிவு நடந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்துக்கு ஏப்ரல் 19, கேரளாவுக்கு ஏப்ரல் 26 என்று ஒரு வார இடைவெளி இருந்தது.

2025 நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிரத் திருத்தம், அதாவது எஸ்.ஐ.ஆர்., தொடங்கியபோது இந்தக் கேள்வி மறுபடி வந்தது. இடம் மாறியவர்கள் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுக்கக் கூடாது. இடமாற்றத்துக்கான படிவம் 8 கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்தால்தான் பழைய ஊரின் பட்டியலில் இருந்து பெயர் நீங்கும்.

ரேஷன் கார்டு கேரளாவில் செல்லுமா?

பாதி செல்லும். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் 1-ல் தொடங்கியது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை கார்டு, அந்தியோதயா கார்டு வைத்திருப்பவர்கள் கேரள ரேஷன் கடையில் கைரேகை வைத்து தங்கள் பங்கு தானியத்தை வாங்கலாம்.

செல்லாதது எது? தமிழக அரசு தன் சொந்தச் செலவில் அரிசி கொடுக்கும் முன்னுரிமையற்ற கார்டுகள் இந்தத் திட்டத்தில் வராது. சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் மலை ஏறாது. பொங்கல் பரிசும் சொந்த ஊர்க் கடையில்தான்.

குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டால், தமிழக கார்டை ஒப்படைத்துவிட்டு கேரள கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே மஞ்சள், பிங்க், நீலம், வெள்ளை என்று நிறம் வைத்துப் பிரிக்கிறார்கள். மஞ்சளும் பிங்கும் ஏழைக் குடும்பங்களுக்கானவை.

ஆனால் கார்டை மாற்றும் முன் ஒன்றை யோசிக்க வேண்டும். தமிழக ரேஷன் கார்டு போனால் அதோடு கலைஞர் மகளிர் உரிமைத் தொகையான மாதம் 1,000 ரூபாயும் போகும்.

கூலி எந்தக் கணக்கு?

வேலை நடக்கிற மாநிலத்தின் கணக்கு. தொழிலாளி தேனிக்காரராக இருந்தாலும் தோட்டம் இடுக்கியில் இருந்தால் கேரளா நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலிதான் சட்டப்படி பொருந்தும். ‘நீங்க தமிழ்நாட்டு ஆளு, உங்களுக்கு வேற கூலி’ என்று சொல்ல முடியாது.

இந்தக் கூலிக்குப் பின்னால் ஒரு போராட்டம் இருக்கிறது. 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தாங்களே சாலையில் உட்கார்ந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்று பேர் வாங்கிய போராட்டம் அது. அன்று தேயிலைத் தோட்ட தினக்கூலி 232 ரூபாய். பேச்சுவார்த்தைக்குப் பிறகு தேயிலைக்கு 301 ரூபாய், ஏலத்துக்கு 330 ரூபாய் என்று உயர்ந்தது.

கூலியைத் தவிர மற்ற வசதிகளில்தான் சிக்கல். வீடு, மருத்துவம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் தோட்ட முதலாளி தர வேண்டும் என்றது 1951-ம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. இரண்டிலும் ‘தோட்டம்’ என்றால் 5 ஹெக்டேருக்குக் குறையாத, அதாவது சுமார் 12 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். இரண்டு ஏக்கர், நாலு ஏக்கர் ஏலம் வைத்திருக்கும் சின்னத் தோட்டங்கள் இதற்குள் வராது. தேனியில் இருந்து ஜீப்பில் போய் அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்க்கிறவருக்கு அந்த வசதிகளைக் கேட்க சட்டத்தில் பிடி இல்லை.

புதிய சட்டத்தில் ஒரு நல்ல மாற்றமும் இருக்கிறது. முன்பு ஒப்பந்தக்காரர் கூட்டிப்போனவரைத்தான் ‘மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளி’ என்று சட்டம் பார்த்தது. இப்போது மாதம் 18,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் தானாகப் போய் வேலை தேடிக்கொண்டாலும் அந்த வரையறைக்குள் வருகிறார். அதைக் காட்ட பதிவு வேண்டும். மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்தில் 16 முதல் 59 வயது வரையுள்ள அமைப்புசாராத் தொழிலாளர்கள் இலவசமாகப் பதியலாம். கேரள அரசின் ‘ஆவாஸ்’ காப்பீட்டில் வெளிமாநிலத் தொழிலாளி விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு.

ஜீப் கவிழ்ந்தால் இழப்பீடு கிடைக்குமா?

மலைச் சாலையில் பலரும் கேட்கத் தயங்கும் கேள்வி இது. இரண்டு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, என்ன வண்டியில் போகிறீர்கள் என்பது. சரக்கு வாகனத்தில் ஆள் ஏறிப் போய் விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002-ல் தீர்ப்பளித்தது. பயணிகள் வண்டியாகவே இருந்தாலும், அனுமதித்த எண்ணிக்கைக்கு மட்டும்தான் இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பு என்பது 2007-ல் வந்த இன்னொரு தீர்ப்பு. எட்டுப் பேர் ஏற வேண்டிய ஜீப்பில் பதினாறு பேர் ஏறினால், மிச்ச எட்டுப் பேருக்கான பணத்தை வண்டி உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டியிருக்கும். அவரிடம் பணம் இல்லைன்னா, தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, வழக்கை எங்கே போடுவது என்பது. விபத்து இடுக்கியில் நடந்தது என்பதற்காக அங்கேயே அலைய வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-வது பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம். அதாவது தேனி மாவட்டத்திலேயே போடலாம். ஆனால் 6 மாதத்துக்குள் போட்டுவிடுவது பாதுகாப்பு.

போலீஸ் புகாரும் அப்படித்தான். 2024 ஜூலை 1-ல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த போலீஸ் நிலையத்திலும் ‘ஜீரோ எஃப்.ஐ.ஆர்.’ பதியலாம். ‘அது கேரளா லிமிட், அங்க போங்க’ என்று திருப்பி அனுப்ப முடியாது.

இடுக்கியில் நிலம் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட அதிகமாக ஏமாறுகிற இடமும் இதுதான். ‘பட்டா’ என்ற சொல் கீழே தருகிற நிம்மதியை மேலே ‘பட்டயம்’ என்ற சொல் தராது.

கேரளாவில் அரசு நிலத்தை மக்களுக்குப் பதிந்து கொடுப்பது 1960-ம் ஆண்டு சட்டத்தின் கீழ் வந்த 1964 விதிகளின்படி. அந்தப் பட்டயம் விவசாயத்துக்கும் குடியிருக்க வீடு கட்டவும் கொடுக்கப்பட்டது. அதில் ரிசார்ட்டோ, ஹோட்டலோ, பெரிய கடையோ கட்டினால் விதிமீறல். இதைச் சரிசெய்ய கேரள சட்டமன்றம் 2023 செப்டம்பரில் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2024 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கொடுத்தார். என்றாலும், பழைய மீறலை ஒழுங்குபடுத்த வழி வருகிறது என்பதற்காக எல்லா கட்டடமும் தானாகச் சட்டப்படி ஆகிவிடாது.

அடுத்தது ஏலமலைக் காடுகள். சி.எச்.ஆர். என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். உடும்பன்சோலை பக்கத்து ஏலத்தோட்டங்கள் பெரும்பாலும் இதற்குள் வருகின்றன. 1897-ம் ஆண்டு திருவிதாங்கூர் அறிவிப்பில் இதன் பரப்பு 15,720 ஏக்கரா, 2,15,720 ஏக்கரா என்பதே வழக்கு. முன்னால் ஒரு ‘2’ இருக்கிறதா, இல்லையா என்பதில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலம் தொங்குகிறது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தப் பகுதியில் புதிய பட்டயம் கொடுக்க இடைக்காலத் தடை போட்டது.

குத்தகைப்பாட்டமாகக் கிடைத்த ஏல நிலத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ஏலச்செடி உங்களுடையது. அதற்கு நிழல் தரும் காட்டு மரம் உங்களுடையது அல்ல. அனுமதி இல்லாமல் வெட்டினால் வனத்துறை வழக்கு வரும்.

ஆக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் இவற்றைப் பார்க்க வேண்டும்:

- பட்டயம் எந்த விதியில், எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது? அதில் எழுதியிருக்கும் நிபந்தனை என்ன?
- வில்லேஜ் ஆபீசில் விற்பவர் பெயரில் ‘தண்டப்பேர்’ கணக்கு இருக்கிறதா? நடப்பு ஆண்டு நிலவரி ரசீது இருக்கிறதா?
- வெறும் ‘கைவசம்’ மட்டும் உள்ள நிலமா? அப்படியானால் நீங்கள் வாங்குவது அனுபவம் மட்டும்தான், உரிமை அல்ல.
- பத்திரம் கேரள சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரம் மலையாளத்தில் இருக்கும் என்பதால் படிக்கத் தெரிந்தவரை வைத்து வரி வரியாகக் கேட்டுக்கொள்வது அவசியம்.

தோட்ட லயத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறு கவலை. லயம் வேலையோடு சேர்ந்தது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-ம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் தமிழகத்தை வேராகக் கொண்ட குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த மண்ணில் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லை என்ற பேச்சு அதன் பிறகுதான் பெரிதாக எழுந்தது.

சாதிச் சான்றிதழ்: எல்லையில் கழன்றுவிடும் உரிமை

தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி. சான்றிதழை வைத்து கேரளாவில் அந்த மாநில இடஒதுக்கீடு கேட்க முடியாது. இரண்டு மாநிலப் பட்டியலிலும் அதே சாதி இருந்தாலும் முடியாது.

பட்டியல் சாதி என்பது ‘அந்த மாநிலத்தைப் பொறுத்து’ என்று அரசியலமைப்பு சொல்கிறது. 1990-ல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018-ல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10-ல் வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே குடும்பம் கேரள மண்ணில் இருந்ததா என்பதே கேள்வி. பழைய தோட்டப் பதிவேடு, தாத்தா பெயரில் உள்ள வேலைச் சான்று, பள்ளிப் பதிவு என்று தேட வேண்டும். எழுபது வருடத்துக்கு முந்திய காகிதத்தை லயத்து வீட்டில் யார் பத்திரமா வைத்திருப்பார்கள்?

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு தேவிகுளம் தனித்தொகுதியே சாட்சி. அங்கே 2021-ல் வென்ற ஏ.ராஜாவின் தேர்தல் செல்லாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. கேரளாவில் பட்டியல் சாதித் தகுதி அவருக்கு உண்டா என்பதே வழக்கு. குடும்பம் தமிழகத்தில் இருந்து எப்போது வந்தது என்பதும் அதில் ஒரு கேள்வி. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து அவர் வெற்றி செல்லும் என்றது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கே நான்கு ஆண்டு ஆனது என்றால், சாதாரணத் தோட்டத் தொழிலாளியின் பிள்ளைக்கு?

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினர் பட்டியல்களும் தமிழ்நாட்டுக்கு மட்டும்தான். கேரளாவுக்கு அதன் சொந்தப் பட்டியல்.

பிள்ளைகளை எந்தப் பக்கம் படிக்க வைப்பது?

பல குடும்பங்கள் இதைக் கல்லூரி வாசலுக்குப் போன பிறகுதான் யோசிக்கின்றன. ஆனால் முடிவு செய்ய வேண்டிய நேரம் 6-ம் வகுப்பு.

தமிழக மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை தமிழக அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உயர்கல்வி படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘புதுமைப் பெண்’ திட்டமும் தமிழகத்தில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கே. இடுக்கியில் தமிழ் வழி அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே தமிழில் படித்தாலும் அது கேரளப் பள்ளிதான். இந்தச் சலுகைகள் கிடைக்காது.

கேரளாவிலேயே வாழப்போகிற குடும்பத்துக்குக் கணக்கு வேறு. அங்கே படித்தால் மலையாளம் வரும். அந்த மாநில வேலைக்கும் கல்லூரிக்கும் வழி திறக்கும். நான்கு வருடம் மேலே, மூன்று வருடம் கீழே என்று மாற்றி மாற்றிச் சேர்த்தால்தான் இரண்டு பக்கத்துச் சலுகையும் கைவிட்டுப் போகும் ஆபத்து அதிகம்.

தமிழில் மனு கொடுக்கலாமா?

கொடுக்கலாம். இது பலருக்குத் தெரியாத உரிமை. கேரளாவின் 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், அந்த மாநிலத்தின் தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசு அலுவலகத்துக்கு எழுதவும் பதில் பெறவும் இடம் கொடுக்கிறது.

நடைமுறையில் வில்லேஜ் ஆபீசிலும் பஞ்சாயத்திலும் விண்ணப்பம் மலையாளத்தில்தான் இருக்கும். அக்‌ஷயா மையத்தில் நிரப்பித் தருவார்கள். அங்கே கையெழுத்து போடும் முன் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டு வாங்குவது நல்லது. பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளது போலவே இருக்க வேண்டும். தமிழில் இருந்து மலையாளம், மலையாளத்தில் இருந்து ஆங்கிலம் என்று போகும்போது ஒரு எழுத்து மாறினாலும் பிறகு சான்றிதழ் பொருந்தாமல் போகும்.

மழை, யானை, ஆஸ்பத்திரி: மலைவாழ்க்கையின் நிஜம்

கம்பம் பள்ளத்தாக்கு மலை மறைவில் இருக்கிறது. இங்கே சாரல் அடிக்கும்போது அங்கே அடைமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் மண்சரிவு, மரம் விழுதல், சாலை மூடல் எல்லாம் சகஜம். தேவாரத்தில் இருந்து சாக்குலூத்து மெட்டு வழியாகச் சாலை வேண்டும் என்பது நீண்ட காலக் கோரிக்கை. அது வரும் வரை போடியைச் சுற்றியோ கம்பத்தைச் சுற்றியோ போக வேண்டும். சபரிமலை சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும் ஒருவழிப்பாதை வேறு அமலாகும்.

உடம்புக்கு அவசரம் என்றால் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இறங்கி வருவது க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அரசு ஆஸ்பத்திரியில் எந்த மாநிலத்தவர் என்று பார்த்து அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. ஆனால் மாநிலக் காப்பீட்டு அட்டை அப்படி அல்ல. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், மேலே உள்ள ஆஸ்பத்திரியில் அது செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். 108-க்கோ 112-க்கோ அழைக்கும்போது ஊர், மாவட்டம், மாநிலம் மூன்றையும் சொல்ல வேண்டும். எல்லையோரத்தில் செல்போன் எந்த மாநில டவரைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல முடியாது.

யானைக்கும் எல்லை கிடையாது. சின்னக்கானலில் 2023 ஏப்ரல் 29-ல் பிடித்து பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மே 27-ம் தேதி கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூன் 5-ம் தேதி தமிழக வனத்துறை அதைப் பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. யானையால் பயிரோ உயிரோ போனால், எந்த மாநில எல்லைக்குள் நடந்ததோ அந்த மாநில வனத்துறையிடம்தான் நிவாரணம் கேட்க வேண்டும். ஆதார் முகவரி எங்கே என்பது அதில் பெரிய விஷயமில்லை.

வண்டி, லாட்டரி: சின்ன விஷயம், பெரிய அபராதம்

தமிழ்நாட்டு டிரைவிங் லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். ஆனால் டி.என். நம்பர் வண்டியை 12 மாதத்துக்கு மேல் கேரளாவிலேயே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவுப்படி கே.எல். நம்பருக்கு மாற்ற வேண்டும். அதற்கு தேனி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்.

கேரளாவில் லாட்டரி அரசு நடத்தும் தொழில். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை. குமுளியில் சட்டப்படி வாங்கிய சீட்டுக்கட்டை கூடலூரில் விற்றால் வழக்கு. மது பாட்டில் கதையும் இதேதான். மேலே கடையில் வாங்கியதற்கு பில் இருந்தாலும், எல்லை தாண்டிக் கொண்டுவந்தால் மதுவிலக்கு போலீஸ் பிடிக்கும்.

கடைசியாக, என்ன செய்யலாம்?

மொத்தத்தையும் இப்படிச் சுருக்கலாம். மத்திய அரசுச் சட்டம் தரும் உரிமைகள் மலை ஏறி வரும்: குடியிருப்பது, வேலை செய்வது, முன்னுரிமை கார்டின் தானியம், சொந்த ஊரில் விபத்து வழக்கு போடுவது. மாநிலம் தரும் உரிமைகள் மலையடிவாரத்திலேயே நின்றுவிடும்: உரிமைத் தொகை, கல்விச் சலுகை, சாதி இடஒதுக்கீடு.

அதனால் குடும்பம் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்க வேண்டும். நம் குடும்பத்துக்கு எது சொந்த மாநிலம்? எந்தப் பக்கம் என்று முடிவு செய்தாலும், ஓட்டு, ரேஷன், ஆதார் முகவரி, பிள்ளைகளின் பள்ளி நான்கும் அதே பக்கம் இருந்தால்தான் சிக்கல் குறையும்.

வேலைக்கு மட்டும் போய் வருகிறவர்கள், ஆதார் நகலோடு இ-ஷ்ரம் அட்டையும், தோட்ட முதலாளியிடம் எழுதி வாங்கிய வேலைச் சீட்டும் வைத்துக்கொள்வது நல்லது. மேலேயே தலைமுறையாக வாழ்கிறவர்கள், தாத்தா பாட்டி காலத்துத் தோட்டப் பதிவு, சம்பளச் சீட்டு, பள்ளிச் சான்று எது கிடைத்தாலும் இப்போதே நகல் எடுத்து வைக்க வேண்டும். பேரன், பேத்தியின் சான்றிதழுக்கு அந்தப் பழைய காகிதம்தான் ஆதாரம்.